முதல் கேள்விக்கு முன்பே தொடங்கிவிடும் வழக்கு

கடந்த மாதம் ஒரு பின்னிரவில் டொரொன்டோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. என்னோடு பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்த நண்பர். அவருடைய மகன் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் கணக்காய்வுப் பிரிவில் வேலை செய்கிறான். பிணையங்கள் ஆணைக்குழுவிடமிருந்து நிறுவனத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. சில கொடுக்கல்வாங்கல்கள் தொடர்பாக மகனையும் வரும்படி அழைத்திருக்கிறார்கள்.

"மச்சான், கொம்பனிச் சட்டத்தரணி கூட வருவாராம், பயப்பட ஒண்டும் இல்லையாம். நீ எத்தனை வழக்கு எழுதினனி, சொல்லு பாப்பம். கிரிமினல் சட்டத்தரணி ஒருவரைத் தனியாப் பிடிக்க வேணுமோ? பிடிச்சால் ஏதோ களவு செய்தவன் எண்டு நினைக்க மாட்டினமோ?"

இந்தக் கேள்வியை நான் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது தவறான பதிலைச் சொன்னேன். அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறேன். அதற்குமுன் இந்தக் கேள்வியின் வரலாற்றைப் பார்ப்பது நல்லது. நண்பரிடம் அன்று பத்து நிமிடத்தில் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் சமூகத்தில் குற்றவியல் சட்டத்தரணி என்றதும் நினைவுக்கு வருவது கொலை வழக்குகள்தான். ஜீ. ஜீ. பொன்னம்பலம் குறுக்கு விசாரணை செய்வதைக் கேட்பதற்கென்றே மக்கள் நீதிமன்றங்களில் கூடிய கதைகளை என் தந்தையின் தலைமுறை சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தது. சாட்சிக் கூட்டில் நிற்பவரைத் திணறடிப்பவரே பெரிய சட்டத்தரணி என்ற எண்ணம் எங்கள் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. ஆனால் நிறுவனங்கள் மீதான ஒழுங்குமுறை விசாரணைகளின் வரலாற்றைப் படிப்பவருக்கு வேறொரு காட்சி தெரியும். அங்கே பெரும்பாலான வழக்குகள் நீதிமன்றக் கதவு திறப்பதற்கு முன்பே, ஓர் அலுவலக அறையில், தட்டெழுத்துப் பிரதி ஒன்றில் முடிவாகிவிடுகின்றன.

இந்த வரலாற்றின் பெரும்பகுதி ஐக்கிய அமெரிக்காவில்தான் எழுதப்பட்டது. 1929இன் பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பின்னர், 1934இல் அங்கு பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு உருவாக்கப்பட்டது. அது ஒரு சிவில் அமைப்பு. அபராதம் விதிக்கலாம், தடை விதிக்கலாம், இலாபத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்யலாம். எவரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. சிறைக்கு அனுப்பும் அதிகாரம் நீதித் திணைக்களத்தின் வழக்குத்தொடுநர்களிடம் இருந்தது. இந்த இரு கதவுகளுக்கும் இடையே ஒரு சுவர் இருப்பதாகப் பலர் நம்பினார்கள். சுவர் இல்லை என்பதை முதலில் அனுபவித்து அறிந்தவர்களுள் ஒருவர் கோடீஸ்வரர் அல்லர். ஓர் அச்சகத் தொழிலாளி.

வின்சென்ற் சியாரெல்லா என்பது அவர் பெயர். நியூயோர்க்கின் பாண்டிக் அச்சகத்தில் வேலை செய்தவர். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும் அறிவித்தல்கள் அச்சுக்கு வரும்போது நிறுவனங்களின் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கும். மற்ற விபரங்களைக் கொண்டு அவர் பெயர்களை ஊகித்தார். அந்தப் பங்குகளை வாங்கி விற்று, பதினான்கு மாதங்களில் சுமார் 30,000 டொலர் ஈட்டினார். 1977 மே மாதத்தில் ஆணைக்குழுவுடன் உடன்பாட்டுக்கு வந்து, இலாபத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார். அதே நாளில் வேலையும் போயிற்று. விடயம் அத்தோடு முடிந்தது என்று எவரும் நினைத்திருப்பார்கள். 1978 ஜனவரியில் அவர்மீது 17 குற்றச்சாட்டுகள் அடங்கிய குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. சிவில் கதவில் கையெழுத்திட்டு வெளியே வந்தவரைக் குற்றவியல் கதவு உள்ளே இழுத்துக்கொண்டது. ஸ்ரான்லி ஆர்கின் என்ற சட்டத்தரணி அவருக்காக உச்ச நீதிமன்றம்வரை சென்று வாதாடினார். 1980இல் தண்டனை இரத்தானது. நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு எந்தக் கடப்பாடும் இல்லாத ஒருவர், தகவல் தெரிந்திருந்தும் மௌனமாக இருந்தார் என்பது மட்டும் மோசடியாகாது என்றது நீதிமன்றம். தத்துவரீதியில் பெரிய வெற்றிதான். ஆனால் வேலையை இழந்து, மூன்றாண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய ஒரு தொழிலாளியின் வாழ்க்கையை அந்தத் தீர்ப்பு திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்து வந்த 1980கள் வோல் ஸ்ரீட்டின் பெரும் வழக்குகளின் காலம். நிறுவனங்கள் கைமாறப் போவதை முன்கூட்டி அறிந்து பங்குகளில் பணம் குவித்த ஐவன் போஸ்கி தமக்காகத் தேர்ந்தெடுத்தவர்களுள் முக்கியமானவர் ஹார்வி பிற். நீதிமன்றச் சொற்பொழிவுக்கு அவர் பெயர்பெற்றவர் அல்லர். அதே ஆணைக்குழுவின் பொதுச் சட்ட ஆலோசகராக இருந்தவர். அதன் உட்புறத்தை அறிந்தவர். 2001இல் அதன் தலைவராகவும் ஆனார். போஸ்கி வழக்காடவில்லை, பேரம் பேசினார். 100 மில்லியன் டொலர் செலுத்தினார். தம் கூட்டாளிகளுக்கு எதிராக ஒத்துழைத்தார். உரையாடல்களை இரகசியமாகப் பதிவு செய்து கொடுத்தார். 1987 டிசெம்பரில் அவருக்குக் கிடைத்தது மூன்றாண்டுச் சிறை.

போஸ்கிக்குத் தகவல் கொடுத்தவர்களுள் ஒருவர் மார்ட்டின் சீகல் என்ற முதலீட்டு வங்கியாளர். இவர் நாடிய சட்டத்தரணி, நியூயோர்க் வழக்குத்தொடுநர் அலுவலகத்தில் வணிக மோசடிப் பிரிவுக்குத் தலைமை தாங்கியிருந்த ஜெட் ராகொஃப். சீகல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஒத்துழைத்தார், இரண்டு மாதச் சிறையோடு தப்பினார். இறுதிவரை எதிர்த்து நின்ற மைக்கல் மில்கன் 98 குற்றச்சாட்டுகளை எதிர்கொண்டு, 1990இல் ஆறு குற்றங்களை ஒப்புக்கொண்டார். அவருக்கு முதலில் விதிக்கப்பட்டது பத்தாண்டுச் சிறை. பின்னர் அது குறைக்கப்பட்டது. ராகொஃப் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கட்டும். இந்தக் கதையில் அவர் மீண்டும் வருவார்.

இதே காலத்தில், நண்பரின் கேள்விக்கு நேரடியாக விடைதரும் ஒரு தீர்ப்பும் வந்தது. 1981இல் அப்ஜோன் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில், ஊழியர்கள் நிறுவனச் சட்டத்தரணியிடம் சொல்பவை இரகசியப் பாதுகாப்புக்கு உரியவை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கேட்பதற்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு யாருக்குச் சொந்தமானது? நிறுவனத்துக்கு. ஊழியருக்கு அல்ல. நிறுவனம் விரும்பினால் அதைக் கைவிட்டு, ஊழியர் சொன்ன அனைத்தையும் அரசிடம் ஒப்படைக்கலாம். இன்று அமெரிக்காவில் நிறுவனச் சட்டத்தரணி ஓர் ஊழியரிடம் கேள்வி கேட்குமுன் "நான் நிறுவனத்தின் சட்டத்தரணி, உங்களுடையவன் அல்ல" என்று எச்சரிக்கும் வழக்கம் இந்தத் தீர்ப்பின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. எச்சரிக்கையைக் கேட்டபின்பும் தலையாட்டிவிட்டுப் பேசத் தொடங்குபவர்களே அதிகம்.

நிறுவனம் ஏன் தன் ஊழியரைக் கைவிட வேண்டும்? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2002இல் ஆர்தர் அண்டர்சன் என்ற மாபெரும் கணக்காய்வு நிறுவனம் என்ரோன் ஆவணங்களை அழித்த விவகாரத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டது. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒருமனதாக மாற்றியபோது திருப்பிக் கொடுப்பதற்கு நிறுவனமே இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து கலைந்துபோயிருந்தனர். குற்றப்பத்திரம் ஒன்றே ஒரு நிறுவனத்தைக் கொன்றுவிடும் என்று மற்ற நிறுவனங்கள் கற்றுக்கொண்டன. 2003 ஜனவரியில் நீதித் திணைக்களம் வெளியிட்ட தொம்சன் சுற்றறிக்கை, நிறுவனமொன்று ஒத்துழைக்கிறதா என்று அளக்கும்போது, அது தன் ஊழியர்களின் சட்டச் செலவைக் கொடுக்கிறதா என்பதையும் பார்க்கலாம் என்றது. கே.பி.எம்.ஜி. நிறுவனம் தன் முன்னாள் பங்காளர்களுக்கான சட்டச் செலவை நிறுத்தியது. தம் சட்டத்தரணிகளுக்குப் பணம் கொடுக்க வழியின்றி அவர்கள் தவித்தனர். அரசின் அழுத்தத்தால்தான் நிறுவனம் அவ்வாறு செய்தது, அது சட்டத்தரணி ஒருவரைப் பெறும் அரசியலமைப்பு உரிமையை மீறுகிறது என்று நீதிபதி லூயிஸ் கப்லன் 2006இல் தீர்ப்பளித்து, 2007இல் பதின்மூன்று பேர்மீதான வழக்கைத் தள்ளுபடி செய்தார். 2008இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சட்டத்தரணியின் கட்டணத்தை யார் செலுத்துகிறார், எதுவரை செலுத்துவார் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை அந்த வழக்கு காட்டியது.

இனி எங்களுக்கு நெருக்கமான வழக்குக்கு வருகிறேன். 2009 ஒக்டோபர் 16, வெள்ளிக்கிழமை. மறுநாள் தீபாவளி. பத்திரிகை அலுவலகத்தில் பாதிப்பேர் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் வெளிநாட்டுச் செய்தி வந்தது. கொழும்பில் பிறந்த தமிழரும் கலியன் குழுமத்தின் நிறுவுநருமான ராஜ் ராஜரட்ணம் நியூயோர்க்கில் கைது செய்யப்பட்டிருந்தார். கொழும்புப் பங்குச் சந்தையின் பெரிய தனிநபர் முதலீட்டாளர்களுள் அவரும் ஒருவர். திங்கட்கிழமை சந்தை திறந்ததும் பங்குகள் சரிந்தன. எங்கள் மக்களிடையே அவரைப் பற்றி எத்தனையோ விதமான பேச்சுகள் எழுந்தன. அந்தப் பேச்சுகளுக்குள் நான் இப்போது போகவில்லை. வழக்கின் கால அட்டவணையை மட்டும் பார்ப்போம்.

2007 ஜூனில் பிணையங்கள் ஆணைக்குழு அவரை அழைத்துச் சத்தியத்தின்பேரில் வாக்குமூலம் பெற்றது. அது ஒரு சிவில் விசாரணை. அதற்கு ஒன்பது மாதங்களின் பின், 2008 மார்ச்சில், அவருடைய கைத்தொலைபேசியை ஒட்டுக்கேட்க வழக்குத்தொடுநர்கள் நீதிமன்ற அனுமதி பெற்றனர். பாதாள உலகத்தையும் போதைப்பொருள் கும்பல்களையும் பிடிக்கப் பயன்பட்ட அந்த முறை, உள்ளகத் தகவல் வர்த்தக வழக்கொன்றில் அவ்வளவு விரிவாகப் பயன்பட்டது அதுவே முதல் தடவை. ஆணைக்குழு வாசலுக்கு வந்த பின்னரும் அந்தத் தொலைபேசியில் உரையாடல்கள் தொடர்ந்தன. அவைதான் பின்னர் நீதிமன்றத்தில் ஒலித்தன.

கைதின் பின்னர், 100 மில்லியன் டொலர் பிணையில் வெளிவந்த அவர் தமக்காகத் தேர்ந்தெடுத்தவர் ஜோன் டவுட். பேஸ்போல் வீரர் பீற் ரோஸின் சூதாட்டம் பற்றிய 1989 அறிக்கையை எழுதியவர். பின்னாளில், 2017இலும் 2018இலும், ஜனாதிபதி ட்ரம்பின் சட்டத்தரணியாகவும் இருந்தவர். போராளி என்று பெயரெடுத்தவர். ஒலிப்பதிவுகளை வழக்கிலிருந்து விலக்குவதே அவருடைய முதற்போர். அனுமதி கேட்டபோது, ஆணைக்குழுவின் விசாரணை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை அரசு நீதிபதியிடம் மறைத்துவிட்டது என்பது வாதம். நீதிபதி றிச்சர்ட் ஹோல்வெல் 2010 நவம்பரில் அரசைக் கண்டித்தார். ஆனாலும் ஒலிப்பதிவுகளை விலக்க மறுத்தார். அந்த நாளிலேயே வழக்கின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்பது என் எண்ணம். 2011 மே 11இல், பன்னிரண்டு நாள் ஆலோசனையின் பின், பதினான்கு குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்று ஜூரிகள் கண்டனர். பதினோர் ஆண்டுச் சிறை, 10 மில்லியன் டொலர் அபராதம், 53.8 மில்லியன் டொலர் பறிமுதல். சிவில் வழக்கில் மேலும் 92.8 மில்லியன் டொலர். 2013இல் மேன்முறையீடும் தோற்றது.

அவருக்குத் தகவல் கொடுத்தவர்களுள் ஒருவர் மக்கின்சி நிறுவனத்தின் அனில் குமார். அவர் நாடியது றொபர்ட் மொர்வில்லோவை. நிறுவனக் குற்றத் தற்காப்பு என்ற துறையையே கட்டியெழுப்பியவர்களுள் ஒருவர் என்று சொல்லப்படுபவர். குமார் 2010 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பழைய நண்பருக்கு எதிராகச் சாட்சியமளித்தார். 2012இல் அவருக்குக் கிடைத்தது இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. ஒரு நாள்கூடச் சிறை இல்லை. மக்கின்சியின் முன்னாள் தலைவர் ரஜத் குப்தா, கரி நஃப்ராலிஸ் என்ற புகழ்பெற்ற சட்டத்தரணியுடன் போராடித் தோற்று இரண்டாண்டுச் சிறை பெற்றார். அந்தத் தண்டனையை விதித்த நீதிபதி யார் தெரியுமா? இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சீகலை ஒத்துழைக்க வைத்துக் காப்பாற்றிய அதே ஜெட் ராகொஃப்.

இதிலிருந்து "ஒத்துழைப்பவன் தப்புவான், எதிர்ப்பவன் அழிவான்" என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் வரலாறு அப்படி எளிதாக முடிவதில்லை. ராஜரட்ணத்தின் இளைய சகோதரர் ரெங்கன் மீதும் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர் பேரம் பேசவில்லை. டானியல் கிற்னர் என்ற சட்டத்தரணியின் துணையுடன் ஜூரிகளை எதிர்கொண்டார். குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, எஞ்சிய சதிக் குற்றச்சாட்டிலிருந்து 2014 ஜூலை 8இல் விடுதலையானார். அண்ணனுக்குத் தோல்வியான வழி தம்பிக்கு வெற்றியானது. சட்டத்தரணிகளின் திறமை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வது தவறு. சான்றுகள் வேறு. ஒலிநாடாக்கள் சொன்ன கதையும் வேறு. எந்த வழக்குப் போராட வேண்டியது, எந்த வழக்குப் பேச வேண்டியது என்பதைக் கட்சிக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவரைத் தேடுவதே தேர்வின் சாரம். புகழ் அதற்குப் பின்னர்தான்.

பொய்யின் விலையையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியால் புகழ்பெற்ற மார்த்தா ஸ்ருவேர்ட் 2004இல் குற்றவாளியாகக் காணப்பட்டது உள்ளகத் தகவல் வர்த்தகத்துக்காக அல்ல. விசாரணையாளர்களிடம், சட்டத்தரணிகள் அருகில் இருக்கும்போதே, 2002இல் அளித்த பதில்களுக்காக. ஐந்து மாதச் சிறை. வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் குற்றமே தோன்றியிராது.

நாட்டுக்கு நாடு விதி வேறு என்பதையும் புலம்பெயர்ந்த வாசகர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் மௌனம் காக்கும் உரிமை உண்டு. ஆனால் சிவில் வழக்கில் அந்த மௌனத்தைப் பாதகமாக எடுத்துக்கொள்ளலாம். பிரித்தானியாவில் கின்னஸ் விவகாரத்தில் ஏர்னஸ்ற் சோண்டர்ஸ், அரச பரிசோதகர்களுக்குக் கட்டாயத்தின்பேரில் அளித்த பதில்கள் அவருக்கு எதிராகவே குற்றவியல் வழக்கில் வாசிக்கப்பட்டன. அது நியாயமான விசாரணை அல்ல என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கனடாவில், ஒன்ராரியோ ஆணைக்குழு ஒருவரைக் கட்டாயப்படுத்திச் சாட்சியம் பெறலாம். ஆனால் அந்தச் சாட்சியத்தை அவரையே குற்றவாளியாக்கப் பயன்படுத்துவதற்குத் தடைகள் உண்டு. அழைப்பு எத்தகையது, கட்டாயமா விருப்பமா என்பதை முதலில் கேட்டறிவது எளிய வேலையாகத் தோன்றும். அதைச் செய்யாமல் போய் உட்கார்ந்தவர்கள் ஏராளம்.

என் நண்பன் ஒருவனும் அப்படித்தான் போய் உட்கார்ந்தான். பல ஆண்டுகளுக்கு முன்பு, கொழும்பில் ஒரு நிதி நிறுவனம். அவன் அங்கே கணக்காளன். விசாரணைக்கு அழைப்பு வந்தபோது என்னிடம் கேட்டான். நீதிமன்றச் செய்திகள் எழுதியவன் என்ற இறுமாப்பில் நான் சொன்னேன்: "நீ ஒரு சதமும் எடுக்கேல்லை. ஒளிக்க ஒண்டும் இல்லாதவனுக்கு என்னத்துக்கு லோயர்?" நிறுவனச் சட்டத்தரணி பக்கத்தில் அமர்ந்திருக்க, அவன் எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பதிவுகளைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றான். உண்மைதான், தெரிந்திருந்தது. மேலதிகாரிகளுக்கு இரண்டு தடவை எழுதி எச்சரித்திருந்தான் என்பதும் உண்மை. ஆனால் அதை எவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு அதைச் சொல்ல வைக்கும் தேவை இருக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கடிதங்கள் அவருடைய கட்சிக்காரரைத்தான் சுடும்.

"தெரியும்" என்ற அந்த ஒரு சொல்லுடன் வழக்கு ஆறாண்டுகள் இழுபட்டது. கடைசியில் விடுவிக்கப்பட்டான். கடிதங்களின் பிரதிகளை அவனுடைய மனைவி ஒரு பழைய பெட்டியிலிருந்து கண்டெடுத்துக் கொடுத்திருந்தார். ஆனால் அவன் மீண்டும் கணக்காளனாக வேலை செய்யவில்லை. என்னை ஒருபோதும் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பெரும் பாரமாக இருக்கிறது.

டொரொன்டோ நண்பருக்கு நான் சொன்னவை இவைதான். மகனுக்குத் தனியாக ஒரு சட்டத்தரணி வேண்டும். முதல் கேள்விக்கு முன்பே வேண்டும். நிறுவனமே கட்டணம் செலுத்தினாலும் அவருடைய கடமை மகனுக்கே என்பது எழுத்தில் இருக்க வேண்டும். செலுத்துவதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதும் இருக்க வேண்டும். அதே விவகாரத்தில் வேறு எவருக்கும் அவர் ஆஜராகாதவராக இருக்க வேண்டும். ஆணைக்குழுவின் நடைமுறையையும் குற்றவியல் நீதிமன்றத்தையும் அறிந்தவராக இருப்பது நல்லது. இத்தகைய விசாரணைகள் எத்தனை வழக்காகாமலே முடிந்தன என்று அவரிடம் கேட்க வேண்டும். பத்திரிகையில் பெயர் வந்த வழக்குகளைப் பற்றி மட்டும் கேட்டு மயங்கக்கூடாது. வெற்றி நிச்சயம் என்று சொல்பவரை விட்டு விலக வேண்டும். ஒரு கடதாசியைக்கூட, ஒரு மின்னஞ்சலைக்கூட அழிக்கக்கூடாது.

"அப்ப, களவு செய்தவன் எண்டு நினைக்க மாட்டினமோ?" என்று அவர் மறுபடியும் கேட்டார்.

"நினைக்கிறவை நினைக்கட்டும், மச்சான். நினைக்கிறது வழக்காகாது. எழுதிக் கையெழுத்து வைக்கிறதுதான் வழக்காகும்" என்றேன்.

மறுநாள் காலை மகன் ஒரு சட்டத்தரணியைச் சந்திக்கப் போனதாகச் செய்தி அனுப்பியிருந்தார். போகும்போது தான் மேலதிகாரிகளுக்கு எழுதிய மின்னஞ்சல்களின் பிரதிகளையும் கொண்டு போனானாம். அதைக் கேட்க நான் மறந்திருந்தேன். அவனாகவே நினைத்திருக்கிறான்.